கரையில் கால் மணி நேரம்

எங்கள் வீடு துடியலூரில். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டும். பக்கத்தில் கடல் இல்லை, படகு ஓடுகிற ஆறும் இல்லை. சின்னவேடம்பட்டி ஏரி வருசக் கணக்கில் வறண்டு கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட ஊர்க்காரி மோட்டார் படகுப் பராமரிப்பைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் என் தம்பிதான்.

அவனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்து பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கினார்கள். பதினெட்டு அடி நீளம், பின்னால் 40 குதிரைத் திறன் அவுட்போர்டு இன்ஜின். ஆலப்புழை பக்கம் வேம்பநாட்டுக் காயலோரம், தெரிந்தவர் வீட்டுப் படித்துறையில் கட்டிக் கிடக்கிறது. மாதம் ஒரு முறை மூன்று குடும்பமும் பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கிளம்பிப் போவோம். எங்கள் அப்பா மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். அந்தப் பட்டறையின் சர்வீஸ் நோட்டை எழுதியவள் நான். படகு வாங்கிய அன்றே தம்பி ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, “அக்கா, இதையும் நீயே எழுதி வெச்சுக்க” என்றான். அன்று முதல் அந்தப் படகு எத்தனை மணி நேரம் ஓடியது, எந்த நட்டு எப்போது மாற்றியது என்பதெல்லாம் என் கணக்கில்தான் இருக்கிறது.

இப்போது நம் ஊர்ப்பிள்ளைகள் பலர் இப்படிச் சேர்ந்து படகு வாங்குகிறார்கள், ரிசார்ட்டுக்கென்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறப்போகும் தங்கச்சிகளுக்கும் இதை எழுதுகிறேன். வண்டி நடுவழியில் நின்றால் ஓரங்கட்டிவிட்டு இறங்கி நிற்கலாம். தண்ணீருக்கு நடுவில் ஓரம் கிடையாது. அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் கயிறு அவிழ்க்கும் முன்பே கரையில் பார்த்துவிட வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் போதும்.

முதலில் அடியில் இருக்கும் மூடி

படகின் பின்பக்கம், அடியை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை இருக்கும். படகைக் கரையேற்றியதும் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிவதற்காக வைத்தது. அதற்கு ஒரு மூடி உண்டு. வடிகால் பிளக் என்பார்கள். கரையேற்றியதும் கழற்ற வேண்டும், இறக்கும் முன் மாட்ட வேண்டும். சொன்னால் இவ்வளவுதானா என்று தோன்றும். எங்கள் இரண்டாவது பயணத்தில் அதை மாட்டவில்லை. யார் மாட்ட வேண்டும் என்று பேசிவைக்காததால் ஆளுக்கொரு பக்கம் மற்றவன் மாட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மாவும் நானும் ஏறி உட்கார்ந்த பிறகு என் செருப்பு நனைந்தது. முதலில் யாரோ தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, படகு இன்னும் படித்துறையைவிட்டுக் கிளம்பவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டுப் பார்த்தால் அடிப்பலகைக்குக் கீழே நான்கு விரல்கடை தண்ணீர்.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். பிளக்கைக் கழற்றினால் அது இன்ஜின் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்திருக்கும். சாவியை எடுக்கிறவன் கையில் பிளக்கும் வந்துவிடும். மாட்ட மறந்துவிட்டு இன்ஜினைக் கிளப்ப முடியாது. ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள், ஒரு பிளக் கூடுதலாகப் பெட்டியில் கிடக்கட்டும்.

மழைத்தண்ணீரும் அலைத்தண்ணீரும் அடியில் சேரத்தான் செய்யும். அதை வெளியே தள்ள பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று இருக்கும். சுவிட்சைப் போட்டு ‘கிர்’ என்று சத்தம் வந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். மிதவை தானாக எழும்பி பம்ப்பைக் கிளப்புகிறதா, தண்ணீர் வெளியே கொட்டுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அந்த மிதவையில் குப்பை சிக்கிக்கொண்டால் பம்ப் ஓடாது. நம் வீட்டு மாடித் தொட்டிக்கு இருக்கும் அதே தொந்தரவுதான். இதெல்லாம் போக, மொண்டு ஊற்ற ஒரு பிளாஸ்டிக் வாளியும் கயிறு கட்டிப் படகில் கிடக்க வேண்டும்.

படகின் உடம்பைத் தட்டிப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோம் இல்லையா, அதே மாதிரிதான். ஸ்பேனர் கைப்பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல ஃபைபர் ‘டக் டக்’ என்று கணீரென்று பேசும். உள்ளே தண்ணீர் ஊறியோ அடுக்கு விட்டோ போன இடத்தில் சத்தம் மொத்தையாக இருக்கும். இன்ஜின் தொங்குகிற பின்பலகையில் இந்தச் சோதனை கட்டாயம். இன்ஜினின் முழுக் கனமும் உந்துதலும் அந்தப் பலகையில்தான் இறங்குகிறது. அங்கே போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் ஓட்டக் கூடாது.

இம்பெல்லர் நமக்குப் புதுசில்லை

கோயமுத்தூர் பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊர். இங்கே இம்பெல்லர் என்ற வார்த்தையைத் தோட்டத்துப் பாட்டிக்கும் தெரியும். அவுட்போர்டு இன்ஜினின் உயிரும் ஒரு இம்பெல்லரில்தான் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அந்த இயந்திரத்தின் மேல் இருந்த பயமே பாதி போய்விட்டது.

காருக்கு இருப்பதுபோல ரேடியேட்டர் இதற்கு இல்லை. இன்ஜினின் அடிக்காலில், புரொபெல்லருக்கு மேலே, உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் இம்பெல்லர் ஒன்று சுற்றுகிறது. அது காயல் தண்ணீரையே சல்லடை வழியாக உறிஞ்சி மேலே அனுப்பி, சூடான சிலிண்டரைச் சுற்றவிட்டு, திரும்ப வெளியே விடுகிறது. அந்தத் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக இன்ஜின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து பென்சில் கனத்தில் நீர் பீய்ச்சும். என் நோட்டில் அதற்குச் ‘சாட்சித் தண்ணி’ என்று பேர். இன்ஜினைக் கிளப்பியதும் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டியது அதைத்தான். ஓடும்போதும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். எங்கள் படகில் அந்த வேலையை என் மூத்த மகன், பன்னிரண்டு வயசுப் பையன், பார்க்கிறான். “தண்ணி வருதுங் மாமா” என்று அவன் குரல் கொடுத்தால்தான் தம்பி வேகம் எடுப்பான்.

சாட்சித் தண்ணி நின்றுவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் இன்ஜினை நிறுத்துங்கள். பெரும்பாலும் காரணம் சல்லடையில்தான் இருக்கும். உக்கடத்திலும் சிங்காநல்லூரிலும் நம் குளங்களை மூடிய அதே ஆகாயத்தாமரைதான் வேம்பநாட்டிலும் மிதக்கிறது. அதன் வேர் சல்லடையில் அப்பிக்கொள்ளும், பிளாஸ்டிக் கவரும் ஒட்டிக்கொள்ளும். எங்களுக்கு ஒருநாள் உச்சி வெயிலில் அப்படி ஆனது. நங்கூரத்தைப் போட்டுவிட்டு, இன்ஜினைத் தூக்கி, ஒட்டியிருந்த கவரை உரித்தெடுத்ததும் சரியாகிவிட்டது. சல்லடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லையென்றால் அந்தச் சின்ன ஓட்டையைப் பாருங்கள். பல நாள் ஓடாமல் கிடந்த இன்ஜினில் குளவி அங்கே மண்கூடு கட்டிவிடும். கனமான தூண்டில் நரம்பை நுழைத்துக் குத்திவிட்டால் போதும். அதுவும் இல்லையென்றால் இம்பெல்லர் போய்விட்டது. துடுப்புப் போட்டோ, வேறு படகைக் கூப்பிட்டுக் கட்டி இழுத்தோ கரைக்கு வர வேண்டுமே தவிர, இன்ஜினை ஓட்டக் கூடாது.

தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் மோனோபிளாக் மோட்டாரின் சீல் எரிந்துபோகிறது இல்லையா, இங்கே ரப்பர் எரியும். சில விநாடி போதும். படகு வீட்டு வாசலில் டிரெய்லரில் நிற்கும்போது, “சும்மா ஒரு தடவை சத்தம் பார்க்கலாம்” என்று கிளப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். சல்லடையை மூடுகிற மாதிரி ரப்பர் கப்பு இரண்டு விற்கிறார்கள், அதில் தோட்டத்து ஓஸை மாட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கியர் போடாமல், மெதுவோட்டத்தில் மட்டும் ஓட்ட வேண்டும். பிள்ளைகள் யாரும் புரொபெல்லர் பக்கம் நிற்கக் கூடாது. இம்பெல்லர் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் வருசத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். கழற்றிய பழையதை வளைத்துப் பார்த்தால் இறக்கையின் அடியில் கீறல் தெரியும். ஒரு இறக்கை ஒடிந்திருந்தால், அந்தத் துண்டு தண்ணீர்ப் பாதைக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதைத் தேடி எடுக்காமல் மூடக் கூடாது.

பெட்ரோல்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். சாலையில் நிற்கும் வண்டியிலிருந்து கசிந்தால் கீழே இறங்கிக் காற்றில் கலைந்துவிடும். படகு ஒரு தொட்டி மாதிரி. கசிந்த ஆவி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதனால் கையில் தூக்கும் டேங்க்காக இருந்தால் படகிலிருந்து கரைக்கு இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும். அந்த நேரத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் ஆகாது. நிரப்பி மூடிய பிறகு, கிளப்பும் முன், அடிப்பலகையைத் தூக்கி மோந்து பாருங்கள். மூக்கைவிட நல்ல கருவி இதற்கு இல்லை. இன்ஜின் உள்ளேயே இருக்கும் பெட்ரோல் படகு என்றால் காற்று வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடமாவது ஓட்டிவிட்டுத்தான் சாவி திருப்ப வேண்டும்.

டேங்க் மூடியின் மேல் ஒரு காற்றுத் திருகு இருக்கும். ஓடும்போது திறந்திருக்க வேண்டும், ஓடாதபோது மூடியிருக்க வேண்டும். திறக்க மறந்தால் கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடும். குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் குண்டைக் கையால் அமுக்கினால் நாலைந்து அமுக்கில் கல் மாதிரி இறுக வேண்டும். இறுகவில்லையென்றால் எங்கேயோ காற்று பிடிக்கிறது. ஃபுட் வால்வு சரியில்லாத கிணற்று மோட்டார் காற்று பிடிக்கிற கதையேதான்.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பல அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று அச்சிட்டிருக்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் இரண்டும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும், இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பழைய ரப்பர் குழாய்களையும் அது இளக்கிவிடும். ஆகவே போன மாதத்துப் பெட்ரோலைப் படகில் விட்டு வைக்காதீர்கள். நாங்கள் திரும்பும்போது மீதத்தைக் காரில் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவோம் (ஆயில் கலக்காத நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இது முடிகிறது). தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை மாட்டுங்கள். சந்தேகம் வந்தால் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால் அடியில் தண்ணீர் கோடு தெரியும். குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் துண்டு போட்டு ஒட்ட வேண்டாம், முழுசாக மாற்றுங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்திருப்பவர்கள் பைக்கு ஆயிலை ஊற்றக் கூடாது. தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில்தான் வேண்டும். எத்தனைக்கு எத்தனை கலப்பது என்பது கையேட்டில் இருக்கும், ஐம்பதுக்கு ஒன்று என்பது பெரும்பாலான இன்ஜின்களுக்குப் பொருந்தும். புது இன்ஜினுக்குத் தொடக்கத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும்.

அளவுக் கணக்கு ஒன்று என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. காயலில் மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று அடித்தால் வந்த தூரத்துக்கே கூடுதலாகக் குடிக்கும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் ஊருக்கு வரும் காற்றின் பலம் நமக்குத் தெரியும். அது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுதான்.

சிவப்புக் கயிறு

இன்ஜின் சுவிட்சிலிருந்து ஒரு சுருள் கயிறு தொங்கும், பெரும்பாலும் சிவப்பு நிறம். ஓட்டுகிறவர் அதை மணிக்கட்டிலோ தொடையிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தடுமாறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அங்கேயே நின்றுவிடும். மாட்டாமல் விழுந்தால் ஆளில்லாத படகு வேகத்தோடு வட்டம் போட்டுத் திரும்ப வரும், விழுந்தவர் மேலேயே.

2013 மே 5 அன்று இங்கிலாந்தின் கார்ன்வாலில், பேட்ஸ்டோ என்ற ஊருக்குப் பக்கத்தில் இதுதான் நடந்தது. ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் வேகப்படகிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். கயிறு யாரிடமும் மாட்டப்படவில்லை. படகு சுற்றிச் சுற்றி வந்தது. அப்பாவும் எட்டு வயசு மகளும் இறந்துபோனார்கள். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைவான படகுகளில் இந்த இணைப்பை மாட்டி ஓட்டுவது சட்டமாகவே இருக்கிறது.

இதைப் படித்த பிறகு தம்பியிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். “கயிறு உன் கையில இல்லாட்டி நானோ என் பிள்ளைகளோ அதில ஏற மாட்டோம் சாமி.” அவன் மறுபேச்சுப் பேசவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் கரையை விடும் முன்பே மெதுவோட்டத்தில் கயிற்றைப் பிடுங்கி, இன்ஜின் உண்மையிலேயே நிற்கிறதா என்று சோதித்துவிட வேண்டும். சுவிட்ச் துருப்பிடித்திருந்தால் கயிறு மாட்டியும் பலனில்லை. கூடுதல் கயிறு ஒன்று படகில் இருந்தால், ஓட்டியவர் கயிற்றோடு விழுந்தாலும் மற்றவர் இன்ஜினைக் கிளப்பிப் போய் அவரைத் தூக்கலாம்.

ஜாக்கெட், ஆள் கணக்கு

எங்கள் படகு நிற்கும் அதே வேம்பநாட்டுக் காயலில், முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு 2002 ஜூலை 27 அன்று மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு சாய்ந்து கவிழ்ந்ததில் 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் நாளில் நம் பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன 22 பேர். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரிக்குப் பள்ளிச் சுற்றுலா போன 12 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். இந்த ஊர்களில் பலவும் நம்மைப் போன்றவர்கள் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போன இடங்கள். அளவுக்கு மீறி ஏற்றுவதும், ஜாக்கெட் போடாமல் உட்காருவதும் திரும்பத் திரும்ப இந்தச் செய்திகளில் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

அதனால் ஜாக்கெட்டில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. முதல் தடவை அம்மா, “எனக்கெதுக்குக் கண்ணு இது, சீலையெல்லாம் கசங்குது, வேர்க்குது” என்றார். நானே பட்டையை இறுக்கி மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அடுத்த பயணத்திலிருந்து அம்மாவே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார். இருக்கைக்கு அடியில் கிடக்கும் ஜாக்கெட்டை, தண்ணீரில் விழுந்த பிறகு எடுத்து மாட்ட எவராலும் முடியாது. ஏறும் முன்பே, கரையிலேயே, எல்லாப் பட்டையும் போட்டிருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லா ஜாக்கெட்டையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் நுரையை அமுக்கினால் திரும்ப எழும்ப வேண்டும். பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, அமுக்கிய பள்ளம் அப்படியே நின்றாலோ அது போய்விட்டது. வெயிலில் கிடந்து துணி வெளுத்து நைந்திருந்தால் தையல் விடும். கொக்கி ஒவ்வொன்றையும் பூட்டி இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட்டின் மேல் உட்காருவது, தலைக்கு வைத்துப் படுப்பது இரண்டும் வேண்டாம், நுரை நசுங்கினால் மிதக்கும் சக்தி குறைந்துவிடும். கழுவினால் நிழலில் உலர்த்துங்கள்.

பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டுவது ஆபத்து. ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை நழுவிக் கீழே போய்விடும். எடைக்கேற்ற அளவு பின்கழுத்துச் சீட்டில் எழுதியிருக்கும். மாட்டிய பிறகு பிள்ளையின் இரண்டு தோள்பட்டையிலும் ஜாக்கெட்டைப் பிடித்துத் தூக்குங்கள். தாடையும் காதும் ஜாக்கெட்டுக்குள் புதைந்தால் அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கால் நடுவே போகும் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும். பெண்களுக்கு ஒரு வார்த்தை: படகு ஏறும் நாளில் சுடிதார் போடுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். சேலைக் கொசுவம் நனைந்தால் காலைக் கட்டிப்போட்டுவிடும். சேலைதான் என்றால் முந்தானையை இடுப்பில் சொருகுங்கள், அது எங்கேயும் மாட்டக் கூடாது.

படகில் எத்தனை பேர் என்பது அதில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். எங்கள் படகுக்கு ஆறு பேர். மூன்று குடும்பமும் சேர்ந்தால் பதினொரு பேர், அதனால் இரண்டு நடையாகத்தான் போகிறோம். மடியில் உட்காரும் குழந்தையும் ஒரு ஆள்தான். மீன்கொத்தியோ வேறு எதுவோ தெரிந்தாலும் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடக் கூடாது என்பதைக் கிளம்பும் முன் நான் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். போன் எடுத்து நின்றபடி படம் பிடிப்பதும் கிடையாது.

சுருக்கமாகச் சில

பேட்டரியை டிராக்டர் பேட்டரி மாதிரியே பார்த்துக்கொள்ளுங்கள். டெர்மினலில் பூத்த வெள்ளையைச் சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவி, பெட்டிக்குள் வைத்துப் பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். தீயணைப்பான் ஏபிசி பவுடர் வகை, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. முள் பச்சையில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், மாதம் ஒரு தடவை தலைகீழாகப் பிடித்து ஆட்டினால் பவுடர் கட்டிப் போகாது. டேங்க்கின் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கேதான் தீ பிடிக்கும், தீயைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது.

ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். இறுகினால் கிரீஸ், லூசாக ஆடினால் கேபிள். துடுப்பு இரண்டு, விசில், டார்ச், நங்கூரம், ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது நீளமுள்ள கயிறு, தண்ணீர் புகாத பையில் போன். கடலை ஒட்டிப் போகிறவர்கள் கடலோரக் காவல்படையின் 1554 என்ற இலவச எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள், மற்ற இடங்களுக்கு 112. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவருக்குச் சொல்லாமல் போகாதீர்கள். நாங்கள் படித்துறை வீட்டு அம்மாவிடம் சொல்வோம், அவர் சுவரில் கரிக்கட்டியால் நேரத்தை எழுதி வைத்துக்கொள்வார்.

நூறு மணி நேரக் கணக்கு

ஓடிய மணி நேரத்தை நோட்டில் கூட்டிக்கொண்டே வந்து, நூறு ஆனாலோ வருசம் திரும்பினாலோ பெரிய சர்வீஸ். அதில் எனக்கு முக்கியம் கியர் ஆயில். அடிக்காலில் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு திருகு இருக்கும். கீழ்த் திருகைக் கழற்றிப் பிறகு மேலதைத் திறந்தால் ஆயில் வடியும். பால் ஊற்றிய காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, சீல் மாற்றாமல் ஓட்ட முடியாது. புது ஆயிலைக் கீழ் ஓட்டையிலிருந்து மேல் நோக்கி ஏற்ற வேண்டும், அப்போதுதான் காற்று தங்காது. சீல் போவதற்குத் தூண்டில் நரம்பும் ஒரு காரணம். புரொபெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடும். ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரொபெல்லரைக் கழற்றி, நரம்பு இருந்தால் வெட்டியெடுத்து, தண்டுக்குக் கிரீஸ் தடவி, புதுப் பின் போட்டு மாட்டுங்கள்.

இன்ஜினில் சாம்பல் நிற உலோகக் கட்டிகள் சில திருகப்பட்டிருக்கும். ஆனோடு என்று பேர். தண்ணீர் உலோகத்தை அரிக்கும்போது இன்ஜினுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்துக் கரைகிற கட்டி. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும், அதன் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது. கடலுக்குத் துத்தநாகம், நல்ல தண்ணீருக்கு மக்னீசியம், கலந்த தண்ணீருக்கு அலுமினியம். வேம்பநாட்டில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகு மூடியிருக்கும் மாதங்களில் தெற்கே நல்ல தண்ணீர், திறந்தால் உப்பு ஏறும். அதனால் எங்களுடையது அலுமினியம். உப்பில் ஓடிய நாளில், கரையேறியதும் பத்துப் பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீரை ஓஸ் வழியாக இன்ஜினுக்குள் ஓடவிட்டுத்தான் மூடுவோம்.

ஜூன் பிறந்து மழை இறங்கினால் எங்கள் படகு மேட்டில் ஏறிவிடும். பிளக் கழற்றி, பின்பக்கம் தாழ இருக்குமாறு வைத்து, காற்று போகும்படி படுதா போட்டு மூடுவோம். இன்ஜினைப் படுக்கப் போடாமல் நேராக நிறுத்தினால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் வடியும். பேட்டரி துடியலூர் வீட்டுக்கு வந்துவிடும். மழைக்காலம் முடிந்து திரும்ப இறக்கும்போது மேலே சொன்ன எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்போம்.

காகிதத்தையும் மறக்க வேண்டாம். 1917-ஆம் வருசத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இல் வந்திருக்கிறது. பழைய படகு வாங்கும்போது பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு மூன்றையும் கேளுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

சொந்தப் படகு இல்லாதவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். ஊட்டியிலோ பைக்காராவிலோ, நம் வாலாங்குளத்திலோ விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போவீர்கள். டிக்கெட் வாங்கிய பிறகும் ஏற மாட்டேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. சாட்சித் தண்ணி பீய்ச்சுகிறதா, ஓட்டுகிறவர் கையில் சிவப்புக் கயிறு இருக்கிறதா, தகட்டில் போட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். பிள்ளைக்கு ஏற்ற அளவு ஜாக்கெட் இல்லை என்றால், “சின்ன சைஸ் குடுங்க அண்ணா, இருந்தாத்தான் ஏறுவோம்” என்று கேளுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை, அது வரும்வரை நில்லுங்கள்.